காய்ச்சல் வருஷத்துக் காலாண்டுப் பரீட்சை

ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை விடுமுறையில் அந்தக் காய்ச்சல் மதராஸில் இறங்கிவிட்டதாகப் பத்திரிகையில் படித்தோம். கப்பலில் வந்தது என்றார்கள். உலகம் முழுக்கச் சுற்றுகிறது என்றார்கள். ப்ளூ காய்ச்சல் என்று பெயர். மூன்று நாள் உடம்பு நெருப்பாகக் கொதிக்கும், கை கால் அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். பிறகு விட்டுவிடும், ஆனால் பத்து நாளைக்கு எழுந்து நடக்க விடாது. பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். அதனாலேயே மேலே இருந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் அப்போது திருச்சி டவுனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் வேலை. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. காலையில் குழந்தையைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி டவுன் பஸ்ஸில் மெயின்கார்டு கேட்டில் வந்து இறங்குவேன். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களின் மூச்சு என் கழுத்தில் படும். அந்தக் கோடைக்கு முன்னால் அதை நான் கவனித்ததுகூட இல்லை.

பள்ளி திறப்பதை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் திருச்சிக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னும் தள்ளிப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, குறித்த தேதியில் திறக்கிறது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக டீச்சர்கள் எல்லோரும் பள்ளியில் கூடினோம். பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் பயம். பெரிய வீரத்தனமான பயமெல்லாம் இல்லை. நமக்கு வந்தால் வீட்டில் யார் சமைப்பது, லீவு எத்தனை நாள் மிச்சம், நம்மால் குழந்தைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

என் வகுப்பு ஆறாம் பாரம். அதுதான் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பு. அதை முடித்து எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுத வேண்டும். ஐம்பத்தெட்டுப் பெண்கள். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர். ஜன்னல் ஒன்று, அதுவும் அடுத்த கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி. வராந்தாவில் ஒரு மண்பானை, சங்கிலியில் கட்டின ஒரு பித்தளை டம்ளர். முந்நூறு பெண்கள் அதே டம்ளரில்தான் தண்ணீர் குடித்தார்கள்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் மனுவை என்னை எழுதச் சொன்னார்கள். வகுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் காலையும் மதியமும் நடத்த அனுமதி வேண்டும். காய்ச்சலால் வராத பெண்களுக்கு வருகைப் பதிவில் குறைக்கக் கூடாது. பாடம் முடிக்க முடியாது என்பதால் இந்த வருஷம் காலாண்டுப் பரீட்சையைத் தள்ளி வைக்க வேண்டும். பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம்.

தலைமையாசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். கதர்ப் புடவை, கண்டிப்பான முகம். வகுப்பு எடுத்தால் பெண்கள் மணியடிப்பதை மறந்துவிடுவார்கள். அவ்வளவு நல்ல டீச்சர். மனுவை இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் நியாயந்தான். ஆனா இத அனுப்பினா என்ன பதில் வரும்னு எனக்கு இப்பவே தெரியும்" என்றார்.

அனுப்பினார். பள்ளியின் நிர்வாகியான கரஸ்பாண்டன்ட் ஒரு வக்கீல். அவரிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. பள்ளி குறித்த நாளில் திறக்கப்படும். ஆசிரியைகள் தங்கள் கடமையில் கவனம் செலுத்தவும். காலையும் மதியமுமாகப் பிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டம்ளரை மட்டும் நாங்களே கழற்றினோம். அவரவர் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரச் சொன்னோம். எங்கள் அதிகாரத்துக்கு எட்டியது அந்தச் சங்கிலிதான்.

இரண்டாவது வாரத்திலேயே பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. திங்கட்கிழமை ஐம்பது பேர், புதன்கிழமை முப்பத்தெட்டு. ஒரே தேற்றத்தை மூன்று நாள் திரும்பத் திரும்ப நடத்தினேன். வந்தவர்களுக்கு அலுப்பு, வராதவர்களுக்கு நஷ்டம். பக்கத்து வகுப்பில் விஞ்ஞான டீச்சர் இருமிக்கொண்டே பாடம் நடத்துவது சுவரைத் தாண்டிக் கேட்கும். அவள் தற்காலிகமாகச் சேர்ந்தவள். வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறவள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய வந்து நிற்பாள். வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

"லீவு போட்டா சர்வீஸ் பிரேக் ஆயிடும் டீச்சர். அப்புறம் திரும்ப எடுப்பாங்களோ என்னவோ" என்றாள்.

மறுநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தாள். பெண்கள்தான் தூக்கிவந்து டீச்சர்கள் அறையில் படுக்க வைத்தார்கள். அப்படித் தூக்கிய பெண்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தலைமையாசிரியை காலைப் பிரார்த்தனையில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் பள்ளிக்கு வர வேண்டாம். வருகைப் பதிவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். காலாண்டுப் பரீட்சை இந்த வருஷம் இருக்காது, பின்னால் பார்த்துக்கொள்ளலாம். மேலே கேட்டுச் சொன்னாரா, தானாகவே சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. எங்கள் மனுவில் கேட்டதில் பாதியை அவர் கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அது எழுத்தில் இல்லை என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

என் வகுப்பில் வையம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அப்பா மானாவாரி விவசாயி. பாலக்கரையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அத்தையின் புருஷனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை. கணக்கில் அவ்வளவு வேகம் கிடையாது. ஆனால் புரியாத ஒன்றைப் புரிந்ததாகத் தலையாட்ட மாட்டாள். நான் செய்த தப்பை எழுந்து நின்று சொன்ன ஒரே மாணவி அவள். பிரார்த்தனை முடிந்ததும் என்னிடம் வந்து, அத்தை வீட்டில் நாலு பேருக்கும் காய்ச்சல், வரலாமா வேண்டாமா என்று கேட்டாள்.

"ஊருக்குப் போயிடு. இங்க இருந்தா உனக்கும் வந்துரும். பரீட்சை இல்லைன்னுதான் சொல்லிட்டாங்களே. வந்தப்புறம் விட்டதெல்லாம் நான் சொல்லித் தரேன்" என்றேன்.

அவள் தயங்கினாள். நிச்சயமா டீச்சர் என்று கேட்டாள். நிச்சயம் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் குழந்தைக்கும். எனக்கு வந்தது எனக்கு நினைவில்லை. குழந்தைக்கு வந்ததுதான் நினைவிருக்கிறது. உடம்பைத் தொட்டால் கை சுடும். பால் இறங்கவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் சித்திரை வீதி பாதிக்கும் கூட்டம் நின்றது. என் கணவர் காலையில் போய் நின்று மத்தியானம் மருந்தோடு வந்தார். ஐந்தாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து சோறு கேட்டது. நான் எழுந்து நடக்கப் பத்து நாளாயிற்று.

பதினோராம் நாள் பள்ளிக்குப் போனேன். வாசலில் நுழையும்போதே ஒரு வித்தியாசம். சத்தமே இல்லை. வராந்தாவெல்லாம் பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். காலாண்டுப் பரீட்சை. அன்றைக்கு மூன்றாம் நாள். கணக்குப் பரீட்சை முந்தின நாளே முடிந்திருந்தது.

தமிழ் டீச்சர்தான் விவரம் சொன்னார். நான் படுத்திருந்தபோது மேலிருந்து ஓர் உத்தரவு வந்திருக்கிறது. காய்ச்சல் அதிகமாகிப் பள்ளிகளை மறுபடி மூட நேரலாம். ஆகவே ஆறாம் பாரத்துக்குக் காலாண்டுப் பரீட்சையை முன்கூட்டியே நடத்தி மார்க்கைப் பதிவு செய்துவிட வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.க்கு யாரை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும்போது அந்த மார்க்கும் சேரும். வராதவர்களுக்குப் பூஜ்யம். பதிவு பெற்ற டாக்டரின் சர்டிபிகேட் இருந்தால் மட்டும் விலக்கு. ஏழே நாள் அவகாசம்.

வராத பெண்களுக்கு யாராவது கடிதம் போட்டீர்களா என்று கேட்டேன். பள்ளி குமாஸ்தாவிடம் போனேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று, தனித்தனியாக எழுத உத்தரவில்லை என்றார். பள்ளிக்கு வராத பெண் நோட்டீஸ் போர்டை எப்படிப் படிப்பாள் என்று கேட்டேன். அவர் பேனாவை மைப்புட்டியில் தோய்த்தார். ஊரோடு இருந்தவர்களுக்குத் தோழிகள் மூலம் சேதி போயிருந்தது. என் வகுப்பில் பதினோரு பேர் எழுதவில்லை. வையம்பட்டிப் பெண்ணும் அதில் ஒருத்தி.

நான் ஒரு கார்டு போட்டிருக்கலாம். படுக்கையில் கிடந்த எனக்குப் பரீட்சை வந்தது தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நிச்சயம் என்று சொன்னது நான்தானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் திண்டுக்கல் பாசஞ்சர் ஏறி வையம்பட்டியில் இறங்கினேன். கணவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நடக்கவே முடியாதவள் எதற்கு ஊர் ஊராகப் போக வேண்டும் என்றார். ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மைல் நடை. இரண்டு இடத்தில் மரத்தடியில் உட்கார வேண்டியதாயிற்று. ஆடிப் பட்டத்து விதைப்புக்காக அவர்கள் வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்கள் விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அதில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கடலைத் தோலை உதறிக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். விட்ட பாடத்தைச் சொல்லித்தர வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். உள்ளே ஓடிப் போய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள். ஜியாமெட்ரிக் கணக்குகள், நாற்பதுக்கு மேல் போட்டிருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் நோட்டை மூடினாள். அவள் அப்பாதான் கேட்டார்.

"நீங்க வரவேணாம்னு சொன்னீங்கன்னுதானே டீச்சரம்மா வச்சிருந்தோம்? நான்கூடப் போன வாரமே அனுப்புறேன்னேன். டீச்சர் சொல்லியிருக்காங்கன்னு இதுதான் இருந்துக்கிச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் புரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். டாக்டர் யாராவது பார்த்தார்களா என்று விசாரித்தேன். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை. எந்த டாக்டர் என்ன எழுதிக் கொடுப்பார். நாங்கள் சொன்னபடி நடந்து, நோய் வராமல் தப்பித்ததுதான் அவள் செய்த குற்றம். காய்ச்சலில் விழுந்து டாக்டரிடம் போயிருந்தால் விலக்குக் கிடைத்திருக்கும்.

நாளையே அவளை அனுப்பிவையுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று ரயிலில் திரும்பும்போது எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். நீங்கள் பிரார்த்தனையில் சொன்னதை நம்பித்தான் பதினோரு பேரும் வரவில்லை, அவர்களுக்கு மறுபரீட்சை வைக்க வேண்டும் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் பொதுவாச் சொன்னது டீச்சர். பரீட்சைன்னு உத்தரவு வந்தப்புறம் என்னால என்ன செய்ய முடியும்?"

"அப்ப அந்தப் பொண்ணுங்க என்ன செஞ்சிருக்கணும்னு சொல்லுங்க மேடம்."

என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியிடம் அப்படிக் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அன்று மாலையே கரஸ்பாண்டன்ட்டுக்குக் கடிதம் எழுதினேன். பள்ளியில் அறிவித்தபடி, நானே மாணவிகளை வர வேண்டாம் என்று சொன்னேன். தவறு அவர்களுடையதல்ல என்று.

நாலாம் நாள் எனக்கு மெமோ வந்தது. யாருடைய அனுமதியின் பேரில் மாணவிகளைப் பள்ளிக்கு வர வேண்டாமென்று சொன்னீர்கள்? ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். பரீட்சைக்குக் கொடுத்த அதே ஏழு நாள்.

விளக்கம் மிகச் சுலபம். தலைமையாசிரியை சொன்னார், எல்லா டீச்சரும் கேட்டார்கள். அதை ஒரு தாளில் எழுதி, இது உண்மை என்று கையெழுத்துப் போடும்படி டீச்சர்கள் அறையில் ஒவ்வொருவரிடமாகப் போனேன். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் எல்லோரும். தமிழ் டீச்சர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், என்னைக் கேட்காதீர்கள் என்றார். இன்னொருவர் அன்றைக்குப் பிரார்த்தனைக்குத் தாமதமாக வந்தேன் என்றார். அவர்தான் அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவர். சரித்திர டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. விஞ்ஞான டீச்சர் இருந்திருந்தால் போட்டிருப்பாளோ என்னவோ. அவள் இடத்தில் அதற்குள் வேறொருத்தி வந்துவிட்டாள். மயங்கி விழுந்த மறுநாளிலிருந்து அவள் எடுத்த லீவு, அவள் பயந்தபடியே, அவள் வேலையை முடித்துவைத்தது.

அவர்கள் மேல் எனக்கு அன்று இருந்த கோபம் பல வருஷம் போகவில்லை. இப்போது பாதி போயிருக்கிறது. கையெழுத்து இல்லாமல் விளக்கத்தை நான் மட்டும் எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் எதிரில் சொல்லப்பட்டது என்று மட்டும் எழுதினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று என் கணவர் கேட்டார். தலைமையாசிரியையும் எங்களைப் போல மேலே இருப்பவர்களுக்குப் பயந்துகொண்டிருக்கிறவர்தான் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது முழுக்க நம்பிக்கையாக இல்லை.

மூன்று வாரம் ஒரு பதிலும் இல்லை. காய்ச்சல் தணிந்துவிட்டது. பெஞ்சுகள் நிறைந்தன. வையம்பட்டிப் பெண் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் கரும்பலகையை அழிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"நாளைக்குக் காலைல ஆறாம் பாரத்துல பரீட்சை எழுதாதவங்களுக்கு ஒரு டெஸ்ட் வைங்க. எல்லாப் பாடமும். கேள்வித்தாள் அந்தந்த டீச்சர்கிட்ட நான் சொல்லிட்டேன். மார்க்க என்கிட்ட கொண்டாந்து குடுங்க."

உத்தரவு வந்ததா என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்காதீங்க" என்றார்.

உத்தரவு வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. கடைசி மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை முழுதும், ஞாயிற்றுக்கிழமை பாதி நாளும் டெஸ்ட் நடந்தது. கூட நின்று மேற்பார்த்தது நானும் தலைமையாசிரியையும்தான். இரண்டு நாளும் அவர் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். மார்க்கைத் தன் கையாலேயே காலாண்டுக் கட்டத்தில் எழுதினார். வையம்பட்டிப் பெண் கணக்கில் எழுபத்திரண்டு. அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.க்குத் தேர்வாகி, எழுதி, தேறினாள். பிறகு டீச்சர் டிரெயினிங்குக்குப் போனதாக அவள் அத்தை மார்க்கெட் பக்கம் பார்த்தபோது சொன்னாள்.

என் மெமோவுக்கு முடிவு என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை. மறு வருஷம் ஆறாம் பாரத்தை என்னிடமிருந்து எடுத்து முதல் பாரத்தைக் கொடுத்தார்கள். மாறுதலுக்காக என்றார்கள். அறுபதுகளின் தொடக்கம் வரை பதினோரு வயதுக் குழந்தைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். குழந்தைகள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் வகுப்புப் பட்டியலைப் பார்க்கும்போது ஆறாம் பாரம் யாருக்கு என்றுதான் முதலில் தேடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த டெஸ்ட்டுக்குப் பதினோரு பேரில் பத்துப் பேர்தான் வந்தார்கள். வராதவள் உறையூர்ப் பெண். மூன்றாவது பெஞ்சில், சுவரோரம் உட்காருவாள். அதிகம் பேச மாட்டாள். பூஜ்யம் என்று தெரிந்ததுமே அவள் அண்ணன் வந்து, இனி என்ன பிரயோஜனம் என்று பள்ளியிலிருந்து விலகும் சர்டிபிகேட்டை வாங்கிப் போய்விட்டான் என்று குமாஸ்தா சொன்னார். நான் அப்போது மெமோவுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்த நாட்கள். கேட்டபோது வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். ரயிலேறி வையம்பட்டிவரை போனவள், பள்ளியிலிருந்து இரண்டு மைலில் இருந்த உறையூருக்கு ஒரு நாளும் போகவில்லை. நான் நேரில் வாக்குக் கொடுத்தவள் அவளில்லை என்பதால் இருக்கலாம். டெஸ்ட் வைக்கப்போவது வெள்ளிக்கிழமை மாலைதான் தெரிந்தது, அதற்குள் எப்படிப் போவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று என்று குமாஸ்தா சொன்ன சமாதானத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.